கடன் வாங்காத ஏழை

அக்கா,

இந்த வருடம் சவாலுக்கு நான் வரவில்லை என்று அதை நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். எந்தச் சவால் என்று உனக்குத் தெரியும். கூட இருந்து படிக்கிறவர்களுக்காக மட்டும் சொல்லி வைக்கிறேன்: கடும் வறுமையில் இருக்கிறவர் ஒரு நாளை ஓட்டுகிற காசுக்குள் ஐந்து நாள் சாப்பிட்டுக் காட்டி, தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டுகிற சவால் அது. 2010-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அங்கே நாளுக்கு 2 டாலர், பிரிட்டனில் 1 பவுண்டு, அமெரிக்காவில் ஒன்றரை டாலர் என்று இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் அதன் விதிகளை எடுத்துக்கொண்டு எங்களுக்குள் நடத்தினோம்.

இதை நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். தவிர, நீயும் அந்த முட்டைக் கதையை நாலு பேர் கூடுகிற இடத்தில்தானே சொல்கிறாய்? நானும் நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்கிறேன்.

நீ சொல்லும்போது கதை சின்னது. தம்பி வந்தான், தட்டில் முட்டை போட்டேன், கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விதிப்படி சாப்பிடக்கூடாது என்றான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு நினைவிருப்பது வேறு மாதிரி. சவாலின் நடுவில் ஒரு நாள். வெறும் வயிறு இல்லை, ஆனால் எதைச் சாப்பிட்டாலும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருந்தது. படியேறும்போதே எண்ணெய் காய்கிற வாசனை. ஓரமெல்லாம் பொரிந்து பழுப்பாகி, மஞ்சள்கரு மட்டும் ஆடிக்கொண்டிருந்த முட்டையை நீ கரண்டியோடு தட்டில் சரித்தாய். நான் வேண்டாம் என்றேன். வீட்டார், நண்பர்கள் இனாமாகத் தருவதை ஏற்கக்கூடாது என்பது விதி. "என் முட்டை என்ன இனாமா?" என்று கேட்டாய். பதில் சொல்லத் தெரியாமல், அதன் விலையை என் கணக்கில் சேர்த்தால் நாளைக்கு இடிக்கும் என்று ஏதோ உளறினேன். "சரி, கடன்னு எழுதிக்கோ" என்றாய். கடனும் கிடையாது என்றேன்.

அப்போதுதான் அதைக் கேட்டாய். "கடன் வாங்காம எந்த ஏழைடா அஞ்சு நாள் ஓட்டினான்?"

இதை நீ யாரிடமும் சொல்வதில்லை. முட்டையோடு நிறுத்திவிடுகிறாய். கதையின் விஷயமே இங்கேதான் இருக்கிறது என்று உனக்கே தெரியாதா, இல்லை, இதைச் சொன்னால் அப்புறம் நீ யார் யாரிடம் வாங்கினாய் என்றும் சொல்லவேண்டியிருக்கும் என்பதாலா? இரண்டாவதுதான் என்றால் எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தைப் பற்றி நானும் இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் அப்பாவைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்கா மூன்றிலும் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஓராண்டு முழுக்கக் குறித்துவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளுக்கு இரண்டு டாலர் என்பது சராசரிதான், தினமும் கைக்கு இரண்டு டாலர் வருவதில்லை என்பது அதில் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் கொஞ்சம் வரும், நாலு நாள் ஒன்றும் வராது. அந்த நாலு நாளைக் கடத்தத்தான் பக்கத்து வீட்டில் கைமாற்று, கடையில் பாக்கி, சீட்டு, அடகு எல்லாம். கொடுக்க முடிகிறபோது அவர்களும் இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறார்கள். அந்த வீடுகள் ஓடுவதே அதில்தான். எங்கள் சவால் முதல் வேலையாக அதைத்தான் தடை செய்தது. ஐந்து நாள் காசையும் மொத்தமாக முதல் நாளே கையில் கொடுத்துவிட்டது.

அப்புறம், கடும் வறுமை எது என்று சொல்கிற அந்த வறுமைக் கோடு. 1990-ல் உலக வங்கி அதை நாளுக்கு 1 டாலர் என்று வகுத்தது. விலைவாசியும் கணக்கும் மாற மாற அது 1.25, 1.90, 2.15 என்று ஏறி, 2025 ஜூன் முதல் 3 டாலராக இருக்கிறது. அதாவது 2021-ல் அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன வாங்க முடிந்ததோ அவ்வளவு. சாப்பாடு மட்டும் இல்லை, வாடகை, மருந்து, அடுப்புக்கு எரிபொருள், செருப்பு, பிள்ளையின் நோட்டு எல்லாம் அதற்குள்தான். நாங்களோ அந்தப் பணம் முழுவதையும் வயிற்றுக்கே போட்டோம். யாரைப் போல வாழ்ந்து பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டோமோ அவர்களைவிட வசதியாகத்தான் இருந்திருக்கிறோம். இது எனக்கு அப்போதே தெரியும் அக்கா. விதிகள் போட்டிருந்த தாளிலேயே இருந்தது. நீ கண்டுபிடித்து எனக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

வறுமையைச் சாப்பாட்டை வைத்து அளப்பது பழைய பழக்கம்தான். அமெரிக்காவின் வறுமைக் கோட்டுக்கு 1960-களில் அடிப்படை போட்ட மோலி ஓர்ஷான்ஸ்கி, மிகச் சிக்கனமான உணவுப் பட்டியலின் விலையை மூன்றால் பெருக்கினார். குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன என்பதுதான் காரணம். அவரும் மற்ற இரண்டு பங்கை விட்டுவிடவில்லை பார். அவருக்கும் முன்னால், 1899-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வீடு வீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுன்ட்ரீ, உடம்பு தாங்குவதற்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தொகை போட்டார். போட்டுவிட்டு, அந்தத் தொகையில் வாழ்கிற குடும்பம் என்னென்ன செய்யமுடியாது என்றும் எழுதிவைத்தார். வண்டியில் ஏறக்கூடாது, செய்தித்தாள் வாங்கக்கூடாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக்கூடாது, தபால்தலைக்குக் காசு இருக்காது. அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அந்தத் தபால்தலையால்தான்.

நீ என்னை க்வினெத் பால்ட்ரோவோடு சேர்த்துப் பேசியதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. 2015-ல் வாரத்துக்கு 29 டாலர் சவாலில் ஏழு எலுமிச்சையோடு படம் போட்டு உலகமே சிரித்த நடிகை. நான் எலுமிச்சை வாங்கவில்லை. வாங்கியதைப் படம் எடுத்துப் போட்டேன், உண்மை. போட்டால்தான் பணம் வரும். வந்தது, போகவேண்டிய இடத்துக்குப் போனது, அதை நான் சரிபார்த்தேன். பசி உனக்கு மட்டும் பட்டா போட்ட நிலமா? அதன் ஓரத்தில் ஐந்து நாள் நின்றுவிட்டு வந்தவன் வாயே திறக்கக்கூடாது என்றால், பசித்தே இராதவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கலாம், அப்படித்தானே?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

மன்னிப்பும் கேட்கவேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் உட்கார்ந்தேன். முட்டையைச் சாப்பிடாததற்கு இல்லை. சொன்ன சொல்லுக்குக் காசு வாங்கியாகிவிட்டது, யாரும் பார்க்காத இடத்தில் அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வராது. உன் வீட்டில் உட்கார்ந்து உன்னிடமே விதியைப் படித்துக் காட்டினேனே, அதற்கு. நீ எனக்குப் போட்டுவிட்டு "எனக்குப் பசிக்கலை" என்று சொன்ன ராத்திரிகளை அப்போது நான் நம்பினேன். சின்னப்பிள்ளை, நம்பினேன். அந்தத் தட்டுகளையெல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கியவன், இதை ஒன்றை மட்டும் தள்ளிவைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததையும் நீ சொல்வதில்லை. நோட்டைப் பிடுங்கி, பென்சில் கேட்டு, என் பட்டியலைப் பார்த்தாய். காபித்தூளை அடித்தாய். "இந்தக் காசுக்கு எண்ணெய் வாங்கியிருந்தா வயிறு நின்னிருக்கும்." பாக்கெட்டில் பாதி மிஞ்சினாலும் முழு விலையையும் கணக்கில் காட்டவேண்டும், உப்பு, மசாலா மாதிரிச் சாமான்களுக்கு மட்டும் கிராம் கணக்கு என்றேன். "அப்படின்னா உங்க விதி போட்டவனுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு" என்றாய். சின்னதாக வாங்குகிறவனுக்குத்தான் விலை அதிகம் என்று சொல்லிக்கொண்டே மீதி நாளுக்கு வேறு பட்டியல் எழுதினாய். நீ யோசித்த மாதிரியே தெரியவில்லை. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. கடைசி நாளுக்கு நேரே கோடு போட்டுவிட்டாய். "அன்னைக்கு ஒண்ணும் ஒதுக்காதே. முடியப்போகுதுன்னு தெரிஞ்ச நாள் தானா ஓடிடும்."

ஓடித்தான் போனது. 1945-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 பேர் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள், போரில் பட்டினி கிடந்தவர்களை மீட்பது எப்படி என்று கண்டுபிடிப்பதற்காக. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனார்கள். தேதி தெரிந்தும் அப்படி. என் ஐந்து நாளை அதோடு ஒப்பிடவில்லை, ஆனால் தேதி தெரிவது எவ்வளவு பெரிய வசதி என்று நீ கோடு போட்டபோதுதான் உறைத்தது.

இந்த வருடம் வரவில்லை என்றதற்கு அதுதான் காரணம். சவாலை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர்களும் இதைப் படிப்பார்கள், நல்ல மனிதர்கள். பணம் அனுப்பிவிட்டேன். கூடவே, கடனுக்கும் கைமாற்றுக்கும் இடம் இல்லாமல் இதைச் செய்வதில் என்ன விட்டுப்போகிறது என்று அவர்களுக்கு எழுதினேன். உன் கேள்வியைப் போட்டேன், உன் பேரைப் போடவில்லை. வேண்டாம் என்றால் சொல், எடுக்கச் சொல்கிறேன். இரண்டாவது பட்டியல் எழுதிய தாளை அவர்கள் கேட்டார்கள். அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தடவை எங்கேயாவது அந்தக் கதையை எடுத்தால் காபித்தூள் வரைக்கும் சொல்லு. சிரிக்கிறவர்கள் அதற்கும் சிரிப்பார்கள்.

உன் தம்பி