கணுக்கால் பட்டை வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எங்களிடம் கணுக்கால் பட்டை வாங்கிப்போகிறவர்களில் பலர் சில மாதம் கழித்து அதே காலுக்காக மறுபடியும் வருகிறார்கள். பட்டை நைந்துபோய் அல்ல, கால் திரும்பவும் பிசகியிருக்கும். அதனால் விற்கிற நாங்களே சொல்லிவிடுகிறோம்: பட்டை மட்டும் போதாது.

கால் பிசகினால் முதலில் எலும்பு முறியாமல் தப்பியதா என்று பாருங்கள். அந்தக் காலை ஊன்றி 4 அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர்போகிறது, பாதத்தின் வெளியோர எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது என்றால், முதல் இரண்டு மூன்று நாள் காலை உயர்த்தி வைத்து, பட்டையோ கட்டோ போட்டு வீக்கத்தைக் கட்டுக்குள் வைத்தால் சரி. சூடு வைக்காதீர்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஐஸை ஒரு துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் வலி அடங்கும், அவ்வளவுதான். 'ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல்' என்ற முறைக்கு 1978-இல் பெயர் வைத்த மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார்.

அப்புறம் மெல்ல அசைக்க ஆரம்பியுங்கள். கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் அ, ஆ, இ எழுதுங்கள். வலி தாங்குகிற அளவுக்குக் காலை ஊன்றி நடங்கள். ஊன்றுவது சுலபமானதும் பயிற்சிக்கான எலாஸ்டிக் பட்டையைப் பாதத்தில் மாட்டி, அதன் இழுப்பை எதிர்த்துப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். கால் உள்ளே மடங்காமல் பிடித்து நிறுத்துவது அந்தப் பக்கத்துத் தசைதான்.

எல்லோரும் விட்டுவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தை. ஜவ்வுக்குள் இருக்கும் நரம்பு முனைகளும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. சுளுக்கில் அவையும் அடிபடுகின்றன. வலி போன பிறகும் அந்தத் தகவல் தாமதமாகவே போவதால், சின்னப் பள்ளத்தில் கால் வைத்தாலும் சுதாரிப்பதற்குள் மடங்கிவிடுகிறது. இதைப் பட்டையால் சரிசெய்ய முடியாது, பயிற்சிதான் வேண்டும். சுவர் பக்கத்தில் ஒற்றைக் காலில் 30 நொடி நில்லுங்கள். அது பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு தலையணை மேல். தினமும் சில நிமிடம் போதும், ஆனால் 6 வாரமாவது விடக்கூடாது. வலி போனதுமே நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களிடம் திரும்பி வருகிறார்கள்.

ஓடவோ விளையாடவோ போகுமுன் அடிபட்ட காலில் மட்டும் குதித்துப் பாருங்கள். நல்ல காலில் குதிப்பதுபோலவே வந்தால் இறங்கலாம், ஆனால் சில மாதம் விளையாடும்போது பட்டை இருக்கட்டும். விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே தளர்த்துங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

இன்று இரவு பல் தேய்க்கும்போது ஒவ்வொரு காலிலும் நின்று பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்று எங்களுக்கு எழுதுங்கள். எதிலிருந்து ஆரம்பிக்கலாம், எந்த எலாஸ்டிக் பட்டை தோதாக இருக்கும் என்று சொல்கிறோம்.