எலியா கசானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எலியா கசான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 2003-லேயே காலமாகிவிட்டீர்கள். ஆனாலும் நீங்கள் இயக்கிய ‘விவா ஸபாட்டா’ படத்தைப் பற்றி வேறு யாரிடம் கேட்பது? திரைக்கதை எழுதிய ஸ்டைன்பெக்கும் இல்லை, மெக்சிகோ விவசாயிகளின் புரட்சித் தலைவர் ஸபாட்டாவாக நடித்த மார்லன் பிராண்டோவும் இல்லை. தவிர, என் கேள்வி அந்த இருவரையும்விட உங்களுக்குத்தான் பொருந்தும்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். கழுத்தில் கயிற்றைக் கட்டி ஸபாட்டாவைக் குதிரைப் போலீஸ் நடத்திக் கூட்டிப் போகும் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை. எங்கிருந்தோ கல்லோடு கல் தட்டும் சத்தம். வயலில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஒருவர், இருவர், பத்துப் பேர் என்று வந்து கூடவே நடக்கிறார்கள். யாரும் கத்துவதில்லை, கையை ஓங்குவதில்லை. குதிரை மேல் இருக்கும் அதிகாரிக்குத்தான் வேர்க்கிறது. வேறு வழியில்லாமல் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். அடுத்து தந்திக் கம்பியை அறுக்கலாமா என்ற பேச்சு வருகிறது. அறுத்தால் அது கலகம் என்று அதிகாரி எச்சரிக்கிறான். ஸபாட்டா அறுக்கச் சொல்கிறான். புரட்சி தொடங்குவதை இதைவிடச் சிக்கனமாக யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. மெக்சிகோவில் எடுக்க முடியாமல், ரியோ கிராண்டே ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெக்சாஸில் ரோமா என்ற சின்ன ஊரில் எடுத்த படம் என்று சொன்னால் நம்பவே முடியாது.

ஆன்டனி குயினையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் மெக்சிகோவிலேயே பிறந்தவர். அண்ணன் யூஃபெமியோவாக வந்து ஆஸ்கரையும் வாங்கிவிட்டார். பிராண்டோவின் மேக்கப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். உங்கள் ஸபாட்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாண ராத்திரியில் மனைவி ஹொசேஃபாவிடம் படிக்கக் கற்றுக்கொடு என்று கேட்கிறான். அழகான காட்சிதான், ஆனால் பொய். நிஜ ஸபாட்டா பள்ளிக்கூடம் போனவர், வாசிக்கத் தெரிந்தவர். 1909-ல் அனெனெகுயில்கோ கிராமத்தார் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, ஊர் நிலத்துக்கான பழைய பத்திரங்களை அவர் கையில் கொடுத்தார்கள். ஸ்பானியர் ஆட்சிக் காலத்துக் காகிதங்கள் அவை. கரும்பு முதலாளிகள் வேலி போட்டு வளைத்த நிலம் எங்களுடையது என்பதற்கு ஊரிடம் இருந்த ஒரே சாட்சி. சண்டை நடந்த காலம் முழுக்க அவை அழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டார் மனிதர். பத்திரத்தைப் பொத்திப் பொத்திக் காத்த ஆளை எதற்காக எழுத்தறியாதவன் ஆக்கினீர்கள்?

இன்னொன்று. உங்கள் படத்தில் அவன் மெக்சிகோ நகரத்து நாற்காலியை உதறிவிட்டு ஊருக்குத் திரும்புகிறான், அதற்கப்புறம் கதை அவன் சாவை நோக்கி ஓடுகிறது. நிஜத்தில் 1915-ல்தான் ஸபாட்டாவின் மாநிலமான மொரேலோஸில் பெரிய வேலையே நடந்தது. நகரத்து வேளாண் கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து எல்லைக்கல் நட்டார்கள். அந்தந்த ஊர் வழக்கப்படியே பங்கு பிரிக்க வேண்டும் என்று ஸபாட்டா கண்டிப்பாக இருந்தார். அளவுச் சங்கிலியோடு வயலில் நடக்கும் பையன்களை சினிமாவில் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் ஸானக் கேட்டிருப்பாரோ என்னவோ. நான் பார்த்திருப்பேன்.

இப்போது என் கேள்வி. தொடக்கத்தில் விவசாயிகள் முறையிட வரும்போது கிழட்டு அதிபர் போர்ஃபீரியோ டியாஸ், எதிர்த்துப் பேசியவனின் பெயரைக் கேட்டு, பட்டியலில் அதைச் சுற்றி வட்டம் போடுகிறார். அந்தப் பெயர் ஸபாட்டா. பின்னால் அதே அறையில் ஸபாட்டா அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அண்ணனே நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதாக ஊர்க்காரர்கள் சொல்ல வருகிறார்கள். ஓர் இளைஞன் எதிர்த்துப் பேசுகிறான். உன் பெயர் என்ன என்று கேட்டு, பேனாவை எடுத்து வட்டம் போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று ஸபாட்டாவுக்கு உறைக்கிறது. எழுந்து போய்விடுகிறான்.

இது முழுக்கக் கற்பனை. ஸபாட்டா ஒருநாளும் அதிபராக இருந்ததில்லை. 1914 டிசம்பரில் இன்னொரு புரட்சித் தலைவரான பாஞ்சோ வில்லாவோடு அதிபர் மாளிகைக்குப் போனபோது அந்த நாற்காலியில் சிரித்தபடி உட்கார்ந்தவர் வில்லா. பக்கத்து நாற்காலியில், முழங்கால் மேல் பெரிய தொப்பியோடு முறைத்துக்கொண்டிருப்பவர் ஸபாட்டா. புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கற்பனை எனக்குப் பிடிக்கும். எதிர்த்தவனின் பெயரைக் குறித்துக்கொள்வதில்தான் கொடுங்கோன்மை தொடங்குகிறது என்று தெரிந்தவர் எடுத்த காட்சி அது.

அந்தப் படம் 1952 பிப்ரவரியில் வெளியானது. அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழு அதற்கு முந்தின மாதம் உங்களை அழைத்திருந்தது. நான் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தேன், மற்றவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். ஏப்ரல் 10-ம் தேதி மறுபடி போய் உங்கள் பழைய நாடகக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேரின் பெயரைக் கொடுத்தீர்கள். இரண்டு நாளில் பத்திரிகையில் காசு கொடுத்து அதை நியாயப்படுத்தி விளம்பரமும் போட்டீர்கள். 1919-ல் சினமேக்கா பண்ணையில், கட்சி மாறி வருவதாக நடித்த ஒரு கர்னல் ஸபாட்டாவை வரவழைத்துக் கொன்றதும் அதே ஏப்ரல் 10-தான். மரியாதை அணிவகுப்பாக நின்ற சிப்பாய்கள், ஊதுகுழல் மூன்றாம் முறை ஒலித்ததும் சுட்டார்கள். தேதி ஒத்துப்போனது தற்செயல், அதை உங்கள் மேல் சுமத்த மாட்டேன்.

பயந்துவிட்டீர்கள் என்று உங்கள் எதிரிகள் சொன்னார்கள். கம்யூனிஸ்டுகளின் ரகசியத்தனம் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்து, ஆள் மாற்றி ஆள் மாற்றித் துரோகம் செய்யும் ஃபெர்னாண்டோ பாத்திரத்தை அந்தக் கோபத்தில்தான் படைத்தீர்கள் என்பதும் புரிகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பெயர் கேட்பவனையும் குறித்துக்கொள்பவனையும் படத்தில் வைத்த நீங்கள், பெயரைச் சொல்லிக்கொடுப்பவனுக்கு அதில் ஏன் இடம் தரவில்லை? எழுதும்போது அவன் உங்களுக்கும் ஸ்டைன்பெக்குக்கும் தோன்றவே இல்லையா, தோன்றியும் விட்டுவிட்டீர்களா?

இரண்டு வருஷம் கழித்து, அதே பிராண்டோவை வைத்து, சாட்சி சொல்பவனையே நாயகனாக்கி ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ எடுத்தீர்கள். அதுதான் உங்கள் பதில் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. அங்கே அவன் காட்டிக்கொடுப்பது கொலைகாரர்களை. நீங்கள் சொன்ன எட்டுப் பேரில் ஒருவர் கிளிஃபோர்ட் ஓடெட்ஸ். அவர் செய்தது நாடகம் எழுதியது.

இப்படிக்கு,
உங்கள் படங்களை இன்னும் விடாமல் பார்க்கிற ஒருவன்