விளம்பரத்தில் உண்மையான வாட்ஸைப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த விளம்பரம் ஒன்றில், வீட்டில் பாட்டுக் கேட்கும் பெட்டிக்கு ‘10,000 வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக 31 வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் நான். பத்தாயிரம் வாட்ஸ் என்றால் ஐந்து கெய்சரை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. கூடத்தில் இருக்கும் 5 ஆம்பியர் பிளக்கில் 1,150 வாட்ஸுக்கு மேல் இழுக்கவே கூடாது. அதில் செருகித்தான் இந்தப் பெட்டி பாடுமாம்!

ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு ஸ்டீரியோ ரிசீவர் வாங்கக் கிளம்பினேன். ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் ஒரே பெட்டியில் இருப்பதைத்தான் ரிசீவர் என்கிறார்கள். காலையில் கோடை பண்பலை 100.5, ராத்திரி பழைய சிடிக்கள், அவ்வளவுதான் என் தேவை. கையில் 15,000 ரூபாய். முதலில் போன கடையில் ஒரு பையன், “சார், இது 4,000 வாட்ஸ் சார், தெருவே அதிரும்” என்றான். “தெருவுக்கு வேண்டாம் தம்பி, எனக்குக் கேட்டால் போதும். கொஞ்சம் திருப்பிக் காட்டு” என்றேன். பின்பக்கம் மூலையில் சின்ன ஸ்டிக்கர்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ். சுவரிலிருந்து 60 எடுத்துக்கொண்டு 4,000 கொடுக்கிற பெட்டி இருந்தால், முதலில் எங்கள் வாரியத்துக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும். பையனும் சிரித்துவிட்டான்.

அந்த 4,000 எல்லாம் பிஎம்பிஓ கணக்கு. கண நேரம் எட்டும் உச்சத்தை அவரவர் இஷ்டத்துக்குக் கணக்கிட்டுப் போட்டுக்கொள்வது. விடாமல் பாடும்போது கிடைக்கிற அளவு ஆர்எம்எஸ். நாம் கேட்க வேண்டியது அதைத்தான், அதுவும் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் எவ்வளவு என்று. உள்ளூரில் அசெம்பிள் செய்யும் பெட்டிகளில் இருக்கும் 4440 என்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசியை (சில்லை) ஸ்டீரியோவாகப் போட்டால் பக்கத்துக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 6 வாட்ஸ்தான். அதை வைத்துக்கொண்டே எத்தனை டீக்கடைகள் நாளெல்லாம் பாடின! பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20, 30 வாட்ஸ் தாராளம். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஒரு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று ஸ்பீக்கரிலும் டெசிபல் போட்டிருப்பார்கள்; 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தாலும் அதே பலன். அதனால் காசை ஸ்பீக்கரில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஜப்பான் ரிசீவர் ஒன்று 7,500 ரூபாய்க்கு அமைந்தது. பக்கத்துக்கு 35 வாட்ஸ். சுவிட்சைப் போட்டதும் சில விநாடி மௌனம், அப்புறம் உள்ளே ‘டக்’ என்று ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) விழுந்தது. ஸ்பீக்கரைக் காக்கிற சர்க்யூட் உயிரோடு இருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. கடைக்காரரே கிளீனர் அடித்துச் சரிசெய்தார். அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாடுகிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு. வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அதனால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராக வேலை செய்ய, பாஸ் என்கிற கனமான கீழ்ச்சத்தம் எங்கே போனது என்று ஒரு நாள் முழுக்கத் தேடியது தனிக்கதை.

அமெரிக்காவில் 1974லேயே, வீட்டு ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் வாட்ஸ் போட்டால் தொடர்ந்து தரக்கூடிய அளவைச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். இங்கே சட்டம் வரும்போது வரட்டும். ‘வாட்ஸ் என்று போட்டால் பக்கத்தில் ஆர்எம்எஸ் அளவும் போடுங்கள்’ என்று தங்கள் விளம்பரப் பிரிவினர் கேட்கலாமே. தீபாவளிப் பக்கங்களுக்கு முன்பே கேட்டுவிட்டால், போனஸ் பணத்தோடு கடைக்குப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
திண்டுக்கல்.