மழைக்கும் பனிக்கும் முன்னாடி மூணு மாச ரேஷன் அரிசிய மலைக்கு ஏத்தித் தரச்சொல்லி மறுபடியும் கோரிக்கை மனு

அனுப்புநர்: மலை கிராம ரேஷன் கார்டுதாரர்கள், பென்னாகரம் தாலுகா, தர்மபுரி மாவட்டம்

பெறுநர்: ரேஷன் பொறுப்புல இருக்குற உயர் அதிகாரி அய்யா அவர்கள்

பொருள்: ஐப்பசி பொறக்கறதுக்குள்ள அரிசி வேணும், ஏற்கனவே குடுத்த மனுவுக்கு பதிலும் வேணும்.

அய்யா வணக்கமுங்க,

எங்க மலை எங்க இருக்குன்னு உங்களுக்கு நாங்க சொல்லத் தேவையில்ல. தார் ரோடு முடியற எடத்துல ஜீப்ப நிறுத்திட்டு அண்ணாந்து பாத்தீங்களே, அதேதான். 2024 எம்.பி. எலக்‌ஷன்ல கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷின கழுதை மேல ஏத்திக்கிட்டு போனது டிவில எல்லாம் ஓடுச்சு, எங்களுக்கும் அதே பொழப்புதான். மிஷினுக்கு கழுதை வாடகை கவர்மெண்டு குடுக்குது, எங்க அரிசிக்கு நாங்கதான் குடுக்கறோம். சரி அது போவட்டும், அதுக்காக இந்த மனு இல்ல.

1. கடை அடிவாரத்துல இருக்கு. ஐப்பசி கார்த்திகைல ஓடையில தண்ணி எறங்கற வரைக்கும் யாரும் கீழ போவ முடியாது. மார்கழி தைல மழை நின்னாலும் பனி மூட்டம், காலைல ஒம்பது மணி வரைக்கும் முன்னாடி போற ஆளே தெரியாது, அந்த நேரம் பாத்து ராகி கதிர் முத்தி நிக்குதா, யானையும் அதே தடத்துலதான் வரும். தண்ணிக்கு நடுவுல இருக்குற தீவு மாதிரிதான் அந்த நாலு மாசமும் எங்க ஊரு.

2. கைரேகை. அய்யா இத மட்டுமாவது முழுசா படிங்க. எங்க பெரியம்மாவுது ரொம்ப ஏழைங்களுக்கு குடுக்கற அந்தியோதயா கார்டு, மாசம் 35 கிலோ அரிசி, வேற வருமானம் கெடையாது. வெறகு ஒடைச்சு, களை வெட்டி அவங்க கட்டைவெரல்ல ரேகையே தேஞ்சு போச்சு, அதுல மார்கழி குளிரு வந்தா தோலு வெடிச்சு ரத்தம் கசியும். போன மார்கழில ஒரு நாள் கூட்டிக்கிட்டு எறங்குனோம். மிஷின்ல வெரல வெச்சா பொருந்தலன்னு வருது. கடைக்காரர் நல்ல மனுஷன், அவர குத்தம் சொல்லல, தேங்காண்ணெய் தடவச் சொன்னாரு, முந்தானைல தொடச்சு வெய்யில்ல கொஞ்ச நேரம் காட்டச் சொன்னாரு, ஒவ்வொரு வெரலா மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாரு, நடுவுல நடுவுல சிக்னலும் போயிடுது. ஓடிபி வரும்னாங்க, அவங்ககிட்ட போனே இல்ல. கண்ண ஸ்கேன் பண்ற மிஷின் இல்லையான்னு கேட்டா இருக்கு ஆனா வேலை செய்யலன்னாரு. பொழுது சாயற வரைக்கும் இதே கதை. கழுதைக்காரர் இருட்டுனா யானை வந்துரும்னு கெளம்பிட்டாரு. பெரியம்மா அன்னிக்கு ராத்திரி கோயில் திண்ணைல சாக்க போத்திக்கிட்டு படுத்திருந்துட்டு காலைல வெறும் பையோட மலை ஏறுனாங்க. ஏறி வந்து என்ன சொன்னாங்க தெரியுமா, என் வெரலே என்னுது இல்லையாமான்னாங்க. இதுக்கு நாங்க என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

3. வர முடியாதவங்களுக்கு பதிலா வேற ஆள் வாங்கலாம், ஃபாரம் குடுங்கன்னு சொன்னாங்க, எழுதிக் குடுத்தோம், அது எந்த மேசையில கெடக்குதோ தெரியல. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு ஆரம்பிச்சாங்க, 70 வயசு தாண்டுனவங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் வீட்டுக்கே பொருள் வரும்னாங்க. சந்தோசப்பட்டோம். வண்டி தார் ரோடு முடியற எடம் வரைக்கும் வந்து நிக்குது. வீடு மேல இருக்குதுங்க அய்யா!

4. நாங்க கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசத்து அரிசி பருப்பு பாமாயில புரட்டாசிலயே ஒரே தடவையா குடுத்துடுங்க, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வேலை செய்யற கண் மிஷினோட ஒரு ஆள மேல அனுப்புங்க. சிக்னல் பாறை மேல ஏறுனா கெடைக்கும், நாங்க காட்டறோம். இதெல்லாம் ரூல்ல இல்லன்னு சொல்லாதீங்க, 2025ல மத்திய அரசே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசத்து தானியத்தயும் மழைக்கு முன்னாடியே குடுத்து முடிங்கன்னு மாநிலங்களுக்கு சொன்னாங்க இல்ல? எங்க ஊரு பையன் ஒருத்தன் கேரளால லோடு ஏத்தற வேலைக்குப் போனவன் சொல்றான், லட்சத்தீவுக்கு மழைக்காலத்துல சரக்குப் படகு போவாதாம், அதனால கடல் மூடறதுக்கு முன்னாடியே அரிசிய கொண்டு போய் எறக்கிடுவாங்களாம். நடுக்கடல்ல இருக்கறவங்களுக்கு செய்ய முடியுது, பென்னாகரத்துல இருந்து பாத்தா தெரியற மலைக்கு ஏன் முடியாது?

5. நீங்க ராகி வெளைவிக்கறவங்கதானேன்னு ஒரு ஆபீஸ்ல கேட்டாங்க. வெளைவிக்கறோம். யானை தின்னது போக, கார்த்திகை மழைல கதிர்லயே மொளச்சது போக மிச்சம் என்னன்னு வந்து தானியம் கொட்டி வெக்கற குதிருக்குள்ள எட்டிப் பாருங்க. ரேஷன்ல 2023ல இருந்து நம்ம மாவட்டத்துக்கு குடுக்கற ரெண்டு கிலோ ராகிய கூட நாங்க கீழ எறங்கித்தான் வாங்கணும்.

6. முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. பரிசீலனைல இருக்கு பரிசீலனைல இருக்குன்னு சொல்றத மட்டும் நிறுத்துங்க, அத வெச்சு களி கிண்ட முடியாது.

கோவத்துல எழுதிட்டோம், மன்னிச்சுக்கோங்க அய்யா. மறுபடியும் கைகூப்பி கேட்டுக்கறோம், ஓடையில தண்ணி வர்றதுக்குள்ள அரிசிய ஏத்திக் குடுங்க. பின்பக்கம் ஊர்க்காரங்க கையெழுத்தும் கைநாட்டும் இருக்கு. சில கைநாட்டு கலங்கலா இருக்கும், அதுக்காக இதயும் திருப்பி அனுப்பிடாதீங்க.

பதில் சொல்றதா இருந்தா போன் பண்ண வேண்டாமுங்க, டவர் எடுக்காது. ரோடு முடியற எடத்துல இருக்குற டீக்கடையில சொல்லி அனுப்புங்க, யாராவது ஒருத்தர் மேல வந்து சொல்லிடுவாங்க.

இப்படிக்கு,
மலை கிராமத்து மக்கள்