குமரப்பாவின் கணக்கைப் பாடத்தில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜே.சி. குமரப்பா காலமானது 1960 ஜனவரி 30. காந்தி நினைவு நாளும் அதுவே என்பதால், ஆண்டுதோறும் இவருக்கு மிஞ்சுவது ‘காந்தியப் பொருளாதார அறிஞர்’ என்ற ஒரு வரிதான். கல்லூரிப் பாடத்திலும் பெரும்பாலும் இதே கதி. காந்திக்குக் கீழே ஒரு பத்தி, அதில் கைக்குத்தல் அரிசி, கிராமத் தொழில், அவ்வளவோடு சரி. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மேல் அவர் தேறுவதில்லை.

தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்காளராகப் பயின்று, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் செலிக்மனிடம் பொது நிதி (அரசின் வரி, செலவு பற்றிய துறை) படித்தவர். 1945இல் வெளிவந்த அவருடைய ‘எகானமி ஆஃப் பர்மனன்ஸ்’ (நிலைத்த பொருளாதாரம்) நூலில் ஆன்மிகச் சொற்கள் நிறைய உண்டு. ஆனால் உள்ளே வேலை செய்வது தணிக்கையாளரின் மூளை. இயற்கை வளத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஆற்று நீரும், வளர்கிற அளவுக்கே வெட்டப்படும் காடும் ஓட்டம். நிலக்கரி, பெட்ரோலியம், தாது எல்லாம் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங், பூமியை வளம் அளவோடுள்ள ஒரு விண்கலமாகப் பார்த்து எழுதியது 1966இல். பயன்படுத்திய ஆற்றல் பழைய நிலைக்குத் திரும்பாது என்ற என்ட்ரோபி விதியைப் பொருளாதாரத்துக்குப் பொருத்திய ஜார்ஜெஸ்கு-ரோகனின் நூல் 1971. சூழலியல் பொருளாதாரத்தின் முன்னோடிகள் என்று நாம் நடத்தும் பெயர்கள் இவை. குமரப்பாவின் நூல் இவற்றுக்கு இருபது ஆண்டுக்கு மேல் முந்தியது. ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ எழுதிய ஷூமாக்கர் மேற்கோள் காட்டிய பிறகே குமரப்பாவின் பெயர் வெளிநாட்டில் பரவலாகத் தெரிந்தது என்பது நமக்குப் பெருமையான செய்தி அல்ல.

சோழிங்கநல்லூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று இறங்கினால், அந்த வியாபாரம் மாநில உற்பத்தி மதிப்பில் வரவாக ஏறும். தண்ணீர் எடுத்த கிணற்றில் மட்டம் இறங்கியது எந்தப் பற்றிலும் வராது. இங்கே குமரப்பாவைச் சற்றுத் திருத்தவும் வேண்டும். நிலத்தடி நீர், மழையில் ஊறும் அளவுக்குள் இறைத்தால் ஓட்டம். அதைத் தாண்டினால் இருப்பு. பொருளை வைத்துப் பிரித்தால் போதாது, இறைக்கும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்கத் தக்கது அவருடைய சமநிலைச் சாகுபடி அட்டவணை; மக்களின் உணவு, உடைத் தேவைக்கு எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கணக்கு அது. ஒரு லட்சம் மக்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு 16 அவுன்ஸ் தானியம். அதாவது ஆண்டுக்கு 365 பவுண்டு. இதற்கு 43,400 ஏக்கர். விதைக்கும் சேதத்துக்கும் 15 சதவீதம், 6,510 ஏக்கர், சேர்த்தால் 49,910 ஏக்கர். பருப்பு, வெல்லம், காய்கறி, பருத்திக்கும் இதே வழிதான். முதலில் தேவை, பிறகு நிலம்; சந்தை விலை கடைசியில்.

இதை இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போடும் மாணவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் வழுக்குவார்கள். அரசின் பருவ, பயிர் அறிக்கையில் விளைச்சல் அரிசியாகவா நெல்லாகவா என்று பார்ப்பதில்லை. நெல் என்றால் அரைத்தபின் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், கணக்கு ஒரேயடியாக உபரி காட்டிவிடும். அடுத்தது, குறுவையும் தாளடியும் விளைந்த ஒரே வயலை மொத்தப் பயிர்ப் பரப்பு இருமுறை எண்ணும். ஏக்கருக்கு ஒரு போக விளைச்சலை வைத்து வகுத்தால் மொத்தப் பரப்போடு ஒப்பிட வேண்டும். நிகர சாகுபடிப் பரப்போடு ஒப்பிட்டால் இல்லாத பற்றாக்குறை வந்து நிற்கும்.

அட்டவணைக்கும் குறை உண்டு. ஏக்கர் விளைச்சலை மாறாததாக வைத்தார்; தேவையை விளைச்சலால் வகுக்கும் அந்தக் கணக்கைப் பசுமைப் புரட்சி புரட்டிப் போட்டது. ஆனால் அந்தக் கூடுதல் மூட்டைகளுக்குப் போன யூரியாவும் டீசலும் அவர் சொன்ன இருப்பிலிருந்து எடுத்தவை. வெளியூர் வணிகத்துக்கு அட்டவணையில் போதிய இடமில்லை என்பது நியாயமான விமர்சனம். சென்னை போன்ற நகரத்துக்கு அதை அப்படியே போட முடியாது.

இயற்கை வளத் தேய்மானத்தைக் கணக்கில் கொண்டுவரும் சூழல்-பொருளாதாரக் கணக்கு முறையை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2012இல் தரநிலையாக ஏற்றது. சுற்றுச்சூழல் பொருளாதாரத் தாளில் அதை நடத்தும் அலகிலேயே, போல்டிங்குக்கு முன்னால், குமரப்பாவின் அட்டவணையைச் செய்முறைக் கணக்காகச் சேர்க்குமாறு பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த திருத்தத்தின்போது செய்தால் போதும். புதிய தாள் எதுவும் தேவையில்லை.

பொருளியல் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை - 5