தம்பிக்கு, உன் ராத்திரி மெசேஜுக்கு பதில்

அன்பு தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு நீ அனுப்புன மெசேஜ காலைலதான் பாத்தேன். "முழங்கால் போட்டா ஒரு வார்த்தையும் வரல அக்கா, ஆண்டவர் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு, சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிடாத"ன்னு எழுதியிருந்த. அந்த கடைசி வரிதான்டா வலிச்சுது. சந்தேகம் வரட்டும், அத ஏன் மறைக்கணும்?

யோவான்ஸ்நானன பாரு. "இதோ, தேவ ஆட்டுக்குட்டி"ன்னு இயேசுவ காட்டி சொன்னவரே அவருதான், ஆனா ஜெயில்ல கெடக்கும்போது தன் சீஷர்கள இயேசுகிட்ட அனுப்பி, வருகிறவர், அதாவது நாங்க எதிர்பாத்துட்டிருக்க மீட்பர், நீர்தானா, இல்ல வேற ஒருத்தருக்கு காத்திருக்கணுமான்னு கேக்குறாரு, மத்தேயு 11ல இருக்கு. இயேசு கோவப்படல. குருடர் பாக்குறாங்க, செவிடர் கேக்குறாங்க, கண்டத போய் சொல்லுங்கன்னு அனுப்பிட்டு, அவங்க அந்தப் பக்கம் போனதுமே கூட்டத்தப் பாத்து யோவான விட பெரியவன் ஒருத்தனும் எழும்பினதில்லன்னு சொல்றாரு, எப்ப சொல்றாரு பாரு, அந்த கேள்விய கேட்ட கையோட! ஆனா ஜெயில் கதவு திறக்கல தம்பி, யோவான் உயிரோட வெளிய வரவே இல்ல. அத தாண்டிப் போயி உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரல.

அப்பா ஐசியூல இருந்தப்ப நான் வெளில பைபிள மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்ல, அக்காவுக்கு எவ்ளோ விசுவாசம்னு நீ அம்மாகிட்ட சொன்ன. உண்மைய சொல்றேன், ஒரு வசனம் கூட படிக்கல. சங்கீதம் 88ல விரல வெச்சபடியே இருந்தேன், கை வேர்த்து அந்த பக்கம் சுருங்கிப் போச்சு, இப்பவும் பைபிள திறந்தா தானா அங்கதான் விரியும். அந்த சங்கீதம் ஆறுதலா முடியாது, சிநேகிதனயும் தோழனயும் தூரமாக்கிட்டீர்னு புலம்பல்லயே நின்னுடும். ஆனா முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னுதான் ஆரம்பிக்கும், புலம்புறதும் அவர்கிட்டயேதான்.

நீ மொதல்ல ஒழுங்கா சாப்பிட்டு தூங்கு. போதும் கர்த்தாவேன்னு சூரைச்செடிக்கு கீழ படுத்துட்ட எலியா தீர்க்கதரிசிக்கு தூதன் பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிட வெச்சான், மறுபடி தூங்கவிட்டு ரெண்டாவது தடவையும் சாப்பிட வெச்சான். வார்த்தை வரலன்னா மாற்கு 9:24 போதும், "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்", ஆவி பிடிச்ச பையன இயேசுகிட்ட கூட்டிட்டு வந்த தகப்பன் அழுதுக்கிட்டே சொன்னது.

இன்னைக்கு ராத்திரியும் முழிப்பு வந்தா மெசேஜ் வேணாம், கால் பண்ணு. நீ ஒண்ணும் பேச வேணாம், லைன்ல இரு, நான் ஜெபிக்கிறேன். ஆமென் மட்டும் நீ சொல்லு, அதுவும் வரலன்னா அதையும் நானே சொல்லிக்கிறேன்.

அக்கா