வெறும் முதுகில் ஏற முன்

அன்புள்ள பிள்ளைக்கு,

குதிரை ட்ரொட் (நடையைவிடக் கெதியான, துள்ளுகிற ஓட்டம்) தொடங்கியவுடன் அங்கவடி (சேணத்தில் தொங்குகிற கால்வளையம்) காலை விட்டுக் கழன்று போகிறது, உடனே கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கி விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் பாரமெல்லாம் பாதத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். அங்கவடி போனால் நிற்க இடமில்லாமல் கை வாரைத் தேடுகிறது. அந்த வாரின் மற்ற முனை குதிரையின் வாயில் இருக்கிறது, பிள்ளை. நீ தடுமாறும் ஒவ்வொரு முறையும் அதன் நாக்கும் கடைவாயும் நோகும். வைகாசியில் நுவரெலியாவிலிருந்து வரும்போது நிலாவெளியில் நம் பெட்டைக் குதிரையில் சேணம் போடாமல் ஏறு. பாதத்துக்கு அங்கே பிடிமானம் இல்லாததால் உடம்பு தானாகவே இடுப்பில் சமநிலையைத் தேடும்.

ஆனால் அதன் முதுகை முதலில் யோசி. சேணம் உன் பாரத்தை முதுகின் இரண்டு பக்கமும் பரப்பிக் கொடுக்கிறது. சேணம் இல்லாவிட்டால், நீ குந்தும்போது கீழே அழுத்துகிற உன் இரண்டு எலும்புகளும் சின்ன இடத்தில் முழுப் பாரத்தையும் இறக்குகின்றன. ஆகவே ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், கிழமைக்கு இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம். குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. நீ அதற்குள் வருவாய். முதுகெலும்பு புடைத்துத் தெரிகிற மெலிந்த குதிரை என்றால் வெறும் முதுகில் ஏறவே கூடாது.

ஏற முன் முதுகெலும்புக்கு மூன்று நான்கு விரல் தள்ளி, தோள்மேட்டிலிருந்து (கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடு) இடுப்பு வரை விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போ. தோல் துடித்தாலோ, முதுகைக் கீழே பதித்தாலோ, காதைப் பின்னுக்கு மடித்தாலோ அன்றைக்கு விட்டுவிடு. மெல்லிய கம்பளி விரிப்பு ஒன்றைப் போடலாம். அங்கவடி கோத்த விரிப்பு மட்டும் வேண்டாம். உள்ளே சட்டம் இல்லாததால் ஒரு பக்கம் மிதித்தவுடன் அது சுழன்று வயிற்றுப் பக்கம் போய்விடும், பாரமும் அங்கவடி தொங்குகிற ஒரே இடத்தில் விழும்.

ஏறும்போது பாய்ந்து ஏறாதே. 50, 60 சென்ரிமீற்றர் உயரமான பெட்டி ஒன்றில் நின்று, வயிற்றை முதுகில் சாய்த்து, வலது காலைப் பின்பக்கம் இடிபடாமல் தூக்கிப் போட்டு, மெல்ல இறங்கிக் குந்து. தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், அதுதான் உன் இடம். அதற்குப் பின்னால் சறுக்கிப் போனால் விலா எலும்பு தாங்காத இடுப்புப் பக்கத்தில் பாரம் விழுகிறது. பல குதிரைகள் துள்ளுவது அதனால்தான்.

முதல் நாட்களில் அப்பா நடுவில் நின்று ஏழு எட்டு மீற்றர் நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றி விடுவார். வாரை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் விடு. ஒரு கை பிடரிமயிரில், மற்றக் கை தொடையில். நடை மட்டும் போதும். அதில் படிக்க நிறைய இருக்கிறது. குதிரை இடது பின்காலைத் தூக்கி முன்னே வைக்கும்போது அந்தப் பக்கம் முதுகு இறங்கும், வயிறு வலப்பக்கம் ஒதுங்கும். நீ குந்துகிற இடது எலும்பும் கூடவே கீழிறங்கி முன்னே போவது தெரிய வேண்டும். தெரிந்தவுடன் "இடது, வலது" என்று சத்தமாகச் சொல்லு. சரியா பிழையா என்று அப்பா பார்த்துச் சொல்லுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லு. இது பிடிபட்டால் எந்தக் கால் நிலத்தை விட்டு எழும்புகிறது என்று பார்க்காமலே தெரியும். காலால் சைகை கொடுக்க வேண்டிய நேரமும் அதுவேதான், ஊன்றி நிற்கிற காலை ஒருவராலும் நகர்த்த முடியாது.

நிறுத்துவதையும் இப்போதே பழகு. மூச்சை நீளமாக வெளியே விட்டு, இடுப்பு ஆட்டத்தை நிறுத்திப் பார். இரண்டு மூன்று அடிக்குள் குதிரை நிற்கவில்லை என்றால் மட்டும் வாரைத் தொடு. சில நாளில் மூச்சுக்கே நிற்கும். எனக்கு இதைவிடப் பெரிய இணக்கம் வேறில்லை.

விழப் போகிறோம் என்ற பயத்தில் எல்லோரும் முழங்காலை இறுக்குவார்கள். ஈரச் சவர்க்காரத்தை இறுக்கிப் பிடித்தது போல உடம்பு மேலே வழுக்கி எழும்பும். குதிகாலை இறுக்கினால் இன்னும் மோசம்: குதிரைக்கு அது "போ" என்ற சைகை, அது கெதியாகப் போக நீ இன்னும் இறுக்குவாய். தொடையைத் தொங்க விடு, பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவால் தூரத்தில் இருக்கட்டும். வட்டத்தில் வெளிப்பக்கம் சறுக்கினால் பெரும்பாலும் உள்பக்க இடுப்பு மடிந்திருக்கும். நிறுத்தி, பிடரிமயிரைப் பிடித்து, நடுவுக்கு வந்து குந்தி, பிறகு தொடங்கு. ஓடுகிறபோது இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதே.

ட்ரொட்டுக்கு அவசரம் வேண்டாம். ஐந்து ஆறு அடி மெதுவாக, உடனே நடை. நீ தொப்பென்று விழுந்தெழும்பத் தொடங்கினால் குதிரை தலையைத் தூக்கும், முதுகைப் பள்ளமாக்கும், வாலை விசிறும். அது நோகிறது என்று சொல்கிறது, கேள். இந்த ஐந்து அடியும் வடிவாக வந்த பிறகுதான் பத்து.

இறங்கப் பழகாமல் ஏறவே விடமாட்டேன். நிற்கிற குதிரையில் கழுத்துப் பக்கம் சாய்ந்து, வலது காலைப் பின்னால் கொண்டு வந்து, முழங்காலை மடித்து, முகம் முன்னுக்குப் பார்க்க இறங்கு. மற்றப் பக்கமும் அதேபோல. பிறகு நடக்கும்போது.

கடற்கரைக்குப் போவது கயிறு இல்லாமல் நடக்கப் பழகிய பிறகு. காலை ஆறு மணிக்கு, அலை நனைத்து இறுகிய மணலில் போ. காய்ந்த மணலில் கால் புதைந்து தசைநார் பிசகும். கரை சரிவு என்பதால் ஒரே பக்கமாகப் போகாமல் திரும்பித் திரும்பி வா. கரைவலை இழுக்கிற நேரம் கயிறு தண்ணீரிலிருந்து விறைப்பாக, குதிரையின் முழங்கால் உயரத்தில் வரும். அந்த இடத்தில் இறங்கி, மேலே ஏறிச் சுற்றி நடத்திப் போ, வலைக்காரரையும் குழப்பாதே.

நீ வரும்போது கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றும் தொடங்கிவிடும். வியர்வை உடனே காய்வதால் குதிரை வியர்க்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். விலாவைப் பார்த்து மூச்சை எண்ணு. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16. ஏறி இறங்கி அரை மணி கழிந்தும் அதற்கு நெடுக மேலே நின்றால் நிழலில் விட்டுத் தண்ணீர் ஊற்று. கடலில் இறக்கினால் உப்பை நல்ல தண்ணீரால் கழுவி விடு. மறுநாள் காலை முதுகை மறுபடி அழுத்திப் பார்.

ஹெல்மெட்டை அங்கே விட்டுவிட்டு வராதே. உன் தலைக்கு அளவான ஒன்று இங்கே இல்லை. தாடைப் பட்டியின் கொக்கி ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு வா. தடித்த மடிப்புத் தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம், தொடை உரிந்துவிடும். வருகிற திகதியை முன்கூட்டியே சொல்லு, அதற்கு முன் குளம்பு வெட்டி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை